போத்தனூரும் ஒலவக்கோடும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறந்த மண்ணைவிட்டுத் தொலைவில் வாழும் நம்மைப் பார்த்து ஒருவர், "தங்களுக்கு எந்த ஊர்?" என்று வினவினால் நாம் என்ன விடை கூறுகிறோம்? போத்தனூர்க்காரர் "கோயமுத்தூர்" என்கிறார். ஒலவக்கோட்டுக்காரர் "பாலக்காடு" என்கிறார். கஞ்சிக்கோட்டில் பிறந்தவரோ, கேட்பவர் தமிழரானால் கோவைப் பக்கம் என்றும், மலையாளியானால் பாலக்காட்டுப் பக்கம் என்றும் ஆளுக்கேற்ப மொழிகிறார். கேட்பவருக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிவிட்டால் வேலை எளிதில் முடிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால், பெருநகரத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி, நம்மைப் பெற்று வளர்த்த சிற்றூரின் பெயரை நம் பிள்ளைகள் கேளாதவாறு செய்துவிட்டோமோ என்னும் ஐயம் எழுகிறது. அதனால்தான் இன்று, பெருநகரங்களின் புகழைப் பாடாமல், அவற்றின் வாயிலில் நிற்கும் இரண்டு ஊர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஒன்று, கோவையின் தெற்கே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள போத்தனூர். மற்றொன்று, பாலக்காட்டு நகரின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஒலவக்கோடு. இரண்டையும் பிணைப்பது ஓர் இருப்புப்பாதை. இரண்டுக்கும் இடையில் கிடப்பது ஒரு மாநில எல்லை.

முதலில் நிலத்தின் அமைப்பை நினைவுகூர்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கே நீலகிரியாகவும் தெற்கே ஆனைமலையாகவும் ஓங்கி நிற்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்திற்கு மலை தாழ்ந்து வழிவிடுகிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். மேல்கடற்காற்று அவ்வழியே கொங்கு நாட்டிற்குள் புகுகிறது. கொங்கு நாட்டுப் பண்டங்களும் மக்களும் அவ்வழியே மேல்கடற்கரைக்குச் சென்றார்கள். போத்தனூரை அடுத்த வெள்ளலூரில் உரோம நாட்டு வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. 1842-ஆம் ஆண்டிலும், அதன் பின்னரும் பல முறை, அம்மண் அக்காசுகளை வெளிக்கொணர்ந்தது. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு, "இராசகேசரிப் பெருவழி" என்னும் நெடுஞ்சாலையைக் குறிப்பிடுகிறது. ஆகவே, இருப்புப்பாதை போட்டவர்கள் புதிய வழி எதையும் கண்டுபிடித்தார்கள் அல்லர். ஈராயிரம் ஆண்டுகளாக மாந்தரும் மாடுகளும் நடந்து தேய்த்த வழியின்மேல் இரும்பை இட்டார்கள்; அவ்வளவே.

அந்த இரும்பு வந்த வரலாறு சுவையானது. சென்னை இராயபுரத்திலிருந்து மேற்கு நோக்கிய புகைவண்டிப் பாதை 1856-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. மேல்கடற்கரையில் பேப்பூரிலிருந்து திரூர் வரை 1861-ஆம் ஆண்டில் வண்டி ஓடிற்று. கிழக்கிலிருந்து ஒரு பாதையும் மேற்கிலிருந்து ஒரு பாதையுமாக வளர்ந்து, 1862-ஆம் ஆண்டில் இரண்டும் இணைந்தபோது, அவ்விணைப்பின் வழியில் நின்ற ஊர் போத்தனூர். கோவை நகரம் அன்றே மாவட்டத் தலைநகர். ஆட்சியரின் அலுவலகமும் நீதிமன்றமும் உடைய ஊர். ஆயினும் புகைவண்டி கோவைக்குச் செல்லவில்லை. சமநிலம் பார்த்து, இருகூரிலிருந்து நேரே போத்தனூருக்கு வந்து, கணவாய்க்குள் புகுந்துவிட்டது. கோவையின் வழியே மேட்டுப்பாளையத்திற்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டது 1873-ஆம் ஆண்டில்தான். ஆக, பதினொரு ஆண்டுக் காலம், கோவைக்காரர் ஒருவர் புகைவண்டி ஏற வேண்டுமானால் போத்தனூருக்குத்தான் வர வேண்டும். இன்று நாம் "கோவையின் புறநகர்" என்று அழைக்கும் ஊர், அன்று கோவைக்கு உலகைக் காட்டிய வாயிலாக இருந்தது.

ஒலவக்கோட்டின் கதையும் இதை ஒத்ததே. பாலக்காட்டுக் கோட்டையை 1766-ஆம் ஆண்டில் ஐதர் அலி எடுப்பித்தார். கோட்டையைச் சுற்றி நகரம் வளர்ந்திருந்தது. எனினும் புகைவண்டி அந்நகரத்தின் நடுவே செல்லாமல், சில கிலோமீட்டர் தள்ளி ஒலவக்கோட்டில் நின்றது. அங்கிருந்து பாலக்காட்டு நகருக்குக் கிளைப்பாதை வந்தது 1888-ஆம் ஆண்டில். இன்று "பாலக்காடு சந்திப்பு" என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் நிலையம், நம் பெற்றோர்க்கும் பாட்டனார்க்கும் "ஒலவக்கோடு ஜங்ஷன்" என்றே தெரியும். நிலையத்தின் பெயரையும் நகரம் எடுத்துக்கொண்டது. ஊரின் பெயர் மட்டும் அஞ்சல் முகவரியிலும் முதியோர் வாயிலும் எஞ்சி நிற்கிறது.

இத்தகைய ஊர்களில் வாழ்க்கை எவ்வாறு இருந்தது? நிலையம் இருந்தால், அதைச் சூழ ஓர் உலகம் எழுந்துவிடும். எஞ்சினுக்கு நீரும் நிலக்கரியும் வேண்டும். அவற்றை ஏற்ற ஆட்கள் வேண்டும். லோகோ ஷெட் வேண்டும். அதில் பிட்டர் வேண்டும், பயர்மேன் வேண்டும், டிரைவர் வேண்டும். பாதையைக் காக்கக் கேங்மேன் வேண்டும். 1915-ஆம் ஆண்டில் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் பாதை திறக்கப்பட்ட பின்னர், அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் ஊராயிற்று போத்தனூர். ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஓடாது. ஆகவே, சரக்கை ஒன்றிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டும். இதற்கும் தோள்கள் வேண்டும். இந்தத் தோள்களும் கைகளும் எங்கிருந்து வந்தன? கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தன, மலபாரிலிருந்து வந்தன, தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களிலிருந்து வந்தன, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலிருந்து வந்தன. ஒரே குழாயடியில் நான்கு மொழிகள் கேட்கும் ஊர்கள் அவை.

அவ்வூர்களில் எல்லாம் இனிமையாக இருந்ததென்று கூறினால் அது முழு உண்மை ஆகாது. வெள்ளையர் ஆட்சிக் காலத்து இரயில்வேயில் உயர்ந்த பதவிகள் ஐரோப்பியர்க்கும், அடுத்த நிலைப் பதவிகளிற் பல ஆங்கிலோ-இந்தியர்க்கும் என்று ஒதுங்கிக் கிடந்தன. குடியிருப்பிலும் அந்த வேறுபாடு தெரிந்தது. ஓட்டு வீடும் தோட்டமும் ஒரு வரிசையில். ஓர் அறையும் ஒரு திண்ணையும் மற்றொரு வரிசையில். ஆனாலும், பணியிட மாற்றம் என்னும் ஒன்று எல்லாரையும் ஒரு தன்மையராக்கிற்று. இன்று போத்தனூர், அடுத்த ஆண்டு சோரனூர், அதற்கடுத்து ஈரோடு, பின்னர் மங்களூர் என்று குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு நகர்ந்தன. அக்குடும்பத்துப் பிள்ளைகள் ஓரூரில் தமிழ் எழுத்தும் மற்றோரூரில் மலையாள எழுத்தும் கற்றார்கள். அவர்களுக்கு இரு மொழி என்பது கொள்கையன்று, அன்றாடச் சோறு.

இவ்விடத்தில் ஒரு துயர நிகழ்ச்சியைக் கூறாமல் செல்லலாகாது. 1921-ஆம் ஆண்டில் மலபாரில் கலகம் மூண்டது. அதை அடக்க முற்பட்ட அரசு, கைதிகளைப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பிற்று. நவம்பர் 19-ஆம் நாள் மாலை, திரூரில் ஏறத்தாழ நூறு கைதிகளைக் காற்றுப் புகாத ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்துக் கதவைப் பூட்டினார்கள். வண்டி இரவில் ஒலவக்கோட்டைக் கடந்தது, கணவாயைக் கடந்தது. போத்தனூரில் நின்றபோது கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்தோரில் பெரும்பாலோர் மூச்சடைத்து மாண்டு கிடந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து, மாண்டவர் தொகை அறுபதுக்கும் மேற்பட்டது. பிணங்கள் அதே பாதையில் திரூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. திரூரில் அவர்கள் பெயரால் நினைவு மண்டபம் உண்டு. மலையாள நாட்டு வரலாற்று நூல்கள் இதை மறவாமல் கூறுகின்றன. ஆனால் போத்தனூர் நிலையத்தில் அன்று கதவைத் திறந்தவர்களும், நீர் கொண்டு ஓடியவர்களும், உயிரோடிருந்தவர்களை இறக்கியவர்களும் நம் ஊர்த் தொழிலாளர்களாகத்தாம் இருந்திருப்பார்கள். அவர்கள் கண்டதை யார் எழுதி வைத்தார்கள்? பெருநகரத்துக்கு வரலாற்றாசிரியர் உண்டு. பெரும் போராட்டத்திற்கும் வரலாற்றாசிரியர் உண்டு. வண்டி நின்று செல்லும் ஊருக்கு மட்டும் வரலாற்றாசிரியர் இல்லை.

அத்தகைய ஊரின் தலைவிதியோ வேறெங்கோ அமர்ந்திருப்பவரின் கையெழுத்தால் எழுதப்படுகிறது. போத்தனூர் அதற்கு நல்ல சான்று. 1908-ஆம் ஆண்டில் இப்பகுதிப் பாதைகள் சென்னை இரயில்வேயிடமிருந்து தென்னிந்திய இரயில்வேக்கு மாறின. போத்தனூரில் பெரிய பட்டறை ஒன்று இயங்கி வந்தது. நாகப்பட்டினத்திலும் திருச்சியிலும் அவ்வாறே பட்டறைகள் இருந்தன. இவற்றையெல்லாம் ஒன்றாக்கித் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒரே பட்டறையாக அமைக்க நிர்வாகம் முடிவு செய்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழக்கும் நிலை வந்தது. 1928 சூலையில் தென்னிந்திய இரயில்வே எங்கும் வேலைநிறுத்தம் மூண்டது. தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத்தண்டனை பெற்றனர். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. போத்தனூரின் பட்டறை பொன்மலைக்குப் போயிற்று. சங்கு ஒலித்தவுடன் கும்பலாகத் தொழிலாளர் செல்லும் காட்சியைத் தன் பெருமையாகக் கொண்டிருந்த ஓர் ஊருக்கு அது எத்தகைய அடியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்த மாற்றம் 1956-ஆம் ஆண்டில் வந்தது. அதுவரை போத்தனூர் ஓர் இரயில்வே கோட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. அக்கோட்டம் கலைக்கப்பட்டு, ஒலவக்கோடு புதிய கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. அலுவலர் பலர் குடும்பத்தோடு கணவாயைக் கடந்து மேற்கே குடியேறினர். நம்மிற் பலருடைய குடும்பங்கள் பாலக்காட்டுப் பக்கம் வந்த கதை இதுவே. அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. அதற்கு முந்தைய நாள் வரை கோவையும் பாலக்காடும் ஒரே சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. பாலக்காடு மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மறுநாள் அது கேரள மாநிலத்தில் இருந்தது. 1957 சனவரி முதல் நாளில் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. வாளையாற்றில் ஓர் எல்லை தோன்றிற்று. சோதனைச் சாவடி தோன்றிற்று.

எல்லை வந்தபின் எவற்றை அது பிரித்தது, எவற்றை அதனால் பிரிக்க முடியவில்லை என்பதை நாம் நிதானமாகக் காண வேண்டும். ஒலவக்கோட்டிலிருந்து சிறிது தொலைவில் மலம்புழை அணை உள்ளது. அதைக் கட்டத் தொடங்கியது சென்னை அரசு, 1949-ஆம் ஆண்டில். 1955 அக்டோபரில் அதைத் திறந்து வைத்தவர் சென்னை முதலமைச்சர் காமராசர். ஓராண்டு கழித்து அணை கேரளத்தின் உடைமையாயிற்று. மறுபுறம், கோவை மக்கள் போற்றிப் பருகும் சிறுவாணி நீர், பாலக்காட்டு மாவட்டத்து மலைகளிலிருந்து வருகிறது. பரம்பிக்குளம் அணைகள் நிற்பது கேரள மண்ணில். அவற்றின் நீர் பாய்வது கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்களில். அதற்கு ஈடாகச் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் விட வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் உடன்படிக்கை. ஆட்சியாளர் நிலத்தைப் பிரித்தார்கள். நீரோ, பிரிந்தவர்களை மீண்டும் ஒரே மேசைக்கு அழைத்து வருகிறது. சில ஆண்டுகளில் இனிமையாக, சில ஆண்டுகளில் சினத்தோடு. ஆனால் அழைத்து வராமல் இருந்ததில்லை.

தொழிலும் அவ்வாறே. மதுக்கரையில் 1934-ஆம் ஆண்டில் சிமெண்டு ஆலை எழுந்தது. எல்லைக்கு அப்பால் வாளையாற்றில் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை 1984-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. இரண்டுக்கும் உணவு ஒரே மலைத்தொடரைச் சார்ந்த சுண்ணாம்புக் கல். பாலக்காட்டின் கிழக்கே கஞ்சிக்கோட்டில் 1970-களில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் நிறுவனமும், தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. நிறுவனமும் வந்தன. பின்னர் இரும்பாலைகள் பல வந்தன. 2015-ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்று பாலக்காட்டில் தொடங்கப்பட்டது. வயலும் பனையும் நின்ற சிற்றூர்கள் தொழிற்பேட்டையும் விடுதியும் உடைய புறநகர்களாயின. காலை வண்டியில் கோவையிலிருந்து மேற்கே வேலைக்கு வருவோரும், அதே நேரத்தில் பாலக்காட்டிலிருந்து கிழக்கே கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் கடைகளுக்கும் செல்வோரும் எதிரெதிர் வண்டிகளில் ஒருவரையொருவர் கடக்கிறார்கள். இவர்களுக்குக் கணவாய் என்பது எல்லையன்று, தெரு.

நம்மோடு இச்சங்கத்தில் இடுக்கி மலைப்பக்கத்துத் தமிழரும் கலந்திருக்கிறார்கள். அவர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார்கள். ஏனெனில் அவர்கள் கதையும் இதுவே. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் சிறு இரயிலில் குண்டளைப் பள்ளத்தாக்கைக் கடந்து, டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தச் சிறு இரயிலை அழித்தது. ஆயினும் உறவு அழியவில்லை. ஏலக்காய் விளைவது இடுக்கியில். அதன் ஏலம் நடப்பது அம்மாவட்டத்துப் புற்றடியிலும், எல்லைக்கு இப்பால் போடியிலும். தேனிப் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மலை கடந்து ஏலத்தோட்டத்திற்குச் சென்று, பொழுது சாய வீடு திரும்புகிறார்கள். உறங்குவது ஒரு மாநிலம். உழைப்பது மற்றொரு மாநிலம். நிலப்படத்தில் கோடு போட்டவர்கள், அக்கோட்டைத் தினந்தோறும் இருமுறை கடக்க வேண்டிய கால்களை எண்ணிப் பார்த்தார்களா என்பது நம் உள்ளத்தில் எழும் வினா.

அந்தக் கோடு எவ்வளவு கூர்மையாக முடியும் என்பதை 2020-ஆம் ஆண்டில் கண்டோம். கொரோனாத் தொற்று பரவிய அவ்வாண்டில் வண்டிகள் நின்றன. வாளையாறு மூடப்பட்டது. மே மாதத்தில், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் திரும்ப வந்த மக்கள் அச்சாவடியில் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். தந்தை ஒருபுறமும் மகள் ஒருபுறமுமாகத் திங்கள் கணக்கில் பிரிந்திருந்த குடும்பங்களை நாம் அறிவோம். நோயைத் தடுக்க அது வேண்டியிருந்தது என்று சொல்லலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்பதையே மறந்து வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு, அது மதில் ஆக முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2017 சூலையில், சரக்கு-சேவை வரி வந்தபோது வாளையாற்று வணிக வரிச் சாவடியின் வேலை முடிந்து, லாரிகளின் நீண்ட வரிசை மறைந்தது. சரக்குக்கு எல்லை இல்லையாயிற்று. பின்னர் மூன்றே ஆண்டுகளில் மனிதருக்கு எல்லை வந்தது. எல்லைப்புறத்தான் எதையும் நிலையானதென்று நம்பலாகாது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

இதற்கிடையில் போத்தனூருக்கு மேலும் ஒரு மாற்றம் வந்தது. 2007-ஆம் ஆண்டில் பாலக்காட்டுக் கோட்டத்தைப் பிரித்துச் சேலம் கோட்டம் அமைக்கப்பட்டது. போத்தனூரும் கோவையும் சேலத்தோடு சேர்ந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் போத்தனூரிலிருந்து ஒலவக்கோட்டுக்குச் சென்ற அதிகாரம், இம்முறை வேறு திசையில் போயிற்று. தமிழகத்தில் மகிழ்ச்சி, கேரளத்தில் எதிர்ப்பு. ஆனால் தமிழகத்து மண்ணில் உள்ள பொள்ளாச்சி நிலையம் அப்போதும் பாலக்காட்டுக் கோட்டத்திலேயே நின்றது! கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆனால் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பின்னர் 2011-ஆம் ஆண்டில் குறிச்சி, குனியமுத்தூர் நகராட்சிகள் கோவை மாநகராட்சியோடு இணைந்தன. போத்தனூரும் இன்று மாநகரத்தின் ஒரு பகுதி. இனி அதைப் புறநகர் என்பதும் பொருந்தாது. நகரம் வந்து விழுங்கிவிட்டது. பொள்ளாச்சிக்குச் சென்ற மீட்டர் பாதை அகலப் பாதையாகி, 2017-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. இருவகைப் பாதைகள் சந்தித்த ஊர் என்னும் அடையாளமும் அத்தோடு போயிற்று.

ஆக, இக்கதை முழுவதையும் திரும்பிப் பார்த்தால் என்ன காண்கிறோம்? பட்டறை போயிற்று, ஊர் இருந்தது. தலைமையிடம் போயிற்று, ஊர் இருந்தது. நீராவி எஞ்சின் போயிற்று, மீட்டர் பாதை போயிற்று, கோட்டம் மாறிற்று, ஊர் இருந்தது. இரயில்வேயின் சமிக்ஞைப் பட்டறை அங்கே இயங்குகிறது. கோவை நிலையத்தின் நெரிசலைக் குறைக்க இன்று மீண்டும் போத்தனூரை நோக்கியே திட்டங்கள் பேசப்படுகின்றன. "இனி இவ்வூருக்கு வேலையில்லை" என்று ஒவ்வொரு முறையும் ஒரு கையெழுத்து கூறிற்று. ஒவ்வொரு முறையும் அவ்வூர் மக்கள் வேறொரு வேலையைத் தேடிக்கொண்டார்கள். பெருநகரம் தன் பெயரால் வாழ்கிறது. புறநகரோ தன் மக்களின் நெகிழ்வால் வாழ்கிறது. அந்த நெகிழ்வைத்தான் நாம் பெட்டியில் வைத்துக்கொண்டு இத்தொலைநகருக்கு வந்தோம். புதிய மொழியை ஓராண்டில் கற்றோம். அண்டை வீட்டாரோடு ஒன்றினோம். வந்த வேலையைச் செய்தோம். இதை நாம் நம் தனித்திறமை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அன்று, இது ஊர் கொடுத்த சீதனம்.

இந்தச் சீதனம் இப்போது கரைந்து வருகிறது என்பதே நம் கவலை. கேரளத்தில் தமிழ் சிறுபான்மை மொழியாக ஏற்கப்பட்டுள்ளது. பாலக்காட்டின் கிழக்கிலும், தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை உண்டு. ஆனால் பெற்றோர் உள்ளத்தில் ஆங்கிலவழியே பிழைக்கும் வழி என்னும் எண்ணம் ஓங்கிவிட்டது. பிள்ளை தமிழும் எழுதாமல், மலையாளமும் எழுதாமல், இரண்டையும் பேசமட்டும் தெரிந்தவனாக வளர்கிறான். நம் பாட்டனார் இரு மொழியிலும் கடிதம் எழுதினார். நம் தந்தையார் இரண்டையும் படித்தார். நாம் ஒன்றைப் படிக்கிறோம், மற்றதைப் பேசுகிறோம். நம் பிள்ளைகள் இரண்டையும் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். அதற்கடுத்த படி என்னவென்று கூற வேண்டியதில்லை.

தமிழைக் காப்போம் என்று மேடையில் முழங்குவது எளிது. எல்லைப்புறத் தமிழனுக்கு அந்த முழக்கம் மட்டும் போதாது. ஒலவக்கோட்டில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் தாய் என்றால், மலையாளம் தாயின் உடன்பிறந்தாள். சிற்றன்னையைப் பழித்துத் தாயைப் போற்றுவது நம் குடிக்கு ஏற்றதன்று. இரண்டு எழுத்தும் அறிந்தவனே அந்த ஊரின் முழு உரிமையாளன். ஒரெழுத்து மட்டும் அறிந்தவன் அவ்வூரில் பாதி வீட்டில்தான் குடியிருக்கிறான்.

ஆதலால் இவ்விழாவில் சங்கத்தின் முன் மூன்று பணிகளை வைக்கிறோம். முதலாவது, நம் முதியோரின் நினைவுகளை எழுத்தாக்குதல். லோகோ ஷெட்டில் பணிபுரிந்தவர், கேங்மேனாக இருந்தவர், குடியிருப்பில் குடும்பம் நடத்திய தாய்மார் ஆகியோர் இன்னும் சிலரேனும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஆண்டில் எந்த ஊருக்கு மாற்றலாகிச் சென்றார்கள், அங்கே வீடு எப்படி இருந்தது, என்ன சம்பளம், அண்டையில் யார், பிள்ளைகள் எம்மொழியில் படித்தார்கள் என்பவற்றைக் கேட்டு எழுதுவோம். பழைய பணிப் பதிவேடுகள், புகைப்படங்கள், கடிதங்கள் ஆகியவை வீடு மாற்றும்போது பழைய தாள்களோடு எடைக்குப் போய்விடுகின்றன. அவற்றைச் சங்கத்தில் கொணர்ந்து சேர்ப்போம். அடுத்த ஆண்டு மலரில் பத்துப் பக்கமேனும் இதற்கு ஒதுக்குவோம்.

இரண்டாவது, எல்லைப்புறத்துத் தமிழ்வழிப் பள்ளிகளின் நூலகங்களுக்கு நூல்கள் அனுப்புதல். பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஐந்து நூல்கள் கொடுத்தால் போதும். தமிழ் நூலோடு ஒரு மலையாள நூலும் சேர்ந்து செல்லட்டும்.

மூன்றாவது பணிக்குப் பொருளே வேண்டியதில்லை; வாய் மட்டும் போதும். நம் ஊரின் பெயரைச் சொல்வோம். போத்தனூர் என்போம், ஒலவக்கோடு என்போம், கஞ்சிக்கோடு, வாளையாறு, எட்டிமடை, கொழிஞ்சாம்பாறை என்போம். கேட்பவர் "அது எங்கே இருக்கிறது?" என்று மேலும் கேட்பார். நல்லது; கேட்கட்டும். அக்கேள்வி வந்தால்தான் கணவாயைப் பற்றியும், 1862-ஆம் ஆண்டைப் பற்றியும், அந்த 1921-ஆம் ஆண்டு நவம்பர் இரவைப் பற்றியும் கூற வாய்ப்புக் கிடைக்கும். அருகில் நின்று கேட்கும் நம் பிள்ளையும் அப்போதுதான் அறிவான், தான் ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் தற்செயலாக முளைத்தவன் அல்லன், இரு நாடுகளையும் இணைத்த ஒரு வாயிலின் வழியே வந்தவன் என்று.